ஏறுவதற்கல்ல இந்த ஏணி

இரண்டு கால்கள், இடையில் படிகள்.
ஏணி என்றுதான் பெயர். யாரும் ஏறுவதில்லை.
செம்பும் புரோமினும் கட்டிய கரும்படிகம்,
உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது.
அதற்குள் எண்ண முடியாத ஏணிகள்
ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நிற்கின்றன,
கிளமெண்டியில் எங்கள் புளோக்கும் எதிர் புளோக்கும்போல.

ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சுழல்.
அதற்கு ஒரே பிடிவாதம்:
பக்கத்தில் இருப்பதற்கு எதிராகத் திரும்ப வேண்டும்.
எது பக்கம்?
படியின் மறுமுனையில் இருப்பதா,
அதே காலில் மேலும் கீழும் இருப்பவையா?

படிவழியே சேர்ந்தால்
இரண்டும் தமக்குள்ளேயே முடிந்துபோகும்;
வெளியே காட்ட ஒரு திசைகூட மிஞ்சாது.
கால்வழியே சேர்ந்தால்
இடப்பக்கம் ஒன்றும் இரண்டும் கைகோக்க,
வலப்பக்கம் இரண்டும் மூன்றும்,
கொத்தனார் செங்கல்லை மாற்றி அடுக்குவதுபோல.

படி என்கிறது என் நிரல்.
செங்கல் என்கிறது ஷு ஹுய் வளர்த்த படிகம்.
மூன்று வாரமாக
நாங்கள் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம்.

வெப்ப ஏற்பின் கோட்டில் ஒரு மேடு.
“இது இருக்கக் கூடாது” என்றேன்.
“இருக்கிறதே” என்றாள்.

நள்ளிரவு. கென்ட் ரிட்ஜ் குன்றில் மழை.
குளிர்கலனுக்குள் அரை கெல்வின்.
விடியும்வரை ஹீலியம் தாங்கும், வாங்க சாப்பிடலாம் என்றான் ஃபைரூஸ்.

பரோட்டாக் கடையில் ஒரே ஒரு மேசை காலி,
அதுவும் முக்கால்தான்:
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு டாக்சிக்கார அங்கிள்
ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.
நான்கு நாற்காலி, நான்கு பேர்.
தகரக் கூரை என் தோளில் சொட்டியது.
நான் நகர்ந்தேன், ஷு ஹுய் நகர்ந்தாள்,
ஃபைரூஸ் நகர்ந்தான்,
அங்கிள் எழுந்து, நான் விட்ட நாற்காலியைத்
தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.
யார் முதலில், யார் பிறகு என்று சொல்ல முடியாது;
நால்வரும் ஒரே மூச்சில் ஓரிடம் சுற்றியிருந்தோம்.
கோப்பைகள் மட்டும் நகரவில்லை.
என் தே ஹாலியாவை ஒரு மிடறு குடித்துவிட்டு
அங்கிள் திடுக்கிட்டார்: “ஐயோ, இஞ்சி!”

நான் சிரிக்கவில்லை.
இருவர் இருவராகத்தான் எழுதியிருந்தேன், எல்லாவற்றையும்.
நான்கு சுழல்கள் சேர்ந்து ஒரு சுற்று வரும் அந்த உறுப்பை
‘சிறியது, புறக்கணிக்கத்தக்கது’ என்று
மூன்றாம் பக்க அடிக்குறிப்பில் புதைத்திருந்தேன்.
டிஷ்யூத் தாளில் எழுதிக் காட்டினேன்.
எண்ணெய் ஊறி மை பரவியது.
ஷு ஹுய் அதைப் பார்த்தாள், பிறகு என்னை.
“அடிக்குறிப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

நனைந்த சட்டையோடு திரும்பி வந்து சேர்த்தேன்.
பத்தில் ஒரு பங்கு.
இடைவெளி சுருங்கியது.
இன்னும் கொஞ்சம்.
இன்னும் சுருங்கியது.
பிறகு நிரல் தடுமாறத் தொடங்கியது.
முதல் படியின் அசைவு
நானூறாவது படிக்குக் கேட்கிறது;
எங்கே வெட்டினாலும் அதற்கப்பாலும் ஏதோ நீள்கிறது.

நான் செங்கல்லை எதிர்பார்த்தேன்.
அவளுக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம் என்றிருந்தேன்.
வந்திருப்பது எல்லைக்கோடு.
ஒரே நாற்காலியின் மேல்
இரண்டு டிஷ்யூப் பொட்டலங்கள்,
வைத்தவர்கள் இருவரும் வரிசையில் நிற்கிறார்கள்.

நண்பகலுக்குள் தலைப்பு வேண்டும் என்று மின்னஞ்சல்.
எந்த ஒழுங்கு? ஒரு சொல் போதும்.
தட்டினேன், அழித்தேன்.
இரண்டும் என்று எழுதினால் பொய்.
எதுவுமில்லை என்றால் அதைவிடப் பொய்.

ஷு ஹுய் பையைத் தலைக்கு வைத்து
இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உறங்குகிறாள்,
நடுவில் இருக்கும் சந்து அவள் இடுப்பில் உறுத்த.
ஐந்தரை மணி. கீழே
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் பாரந்தூக்கிகள்
விளக்குகளை அணைக்காமல் நிற்கின்றன.
அளவி அரை கெல்வினிலிருந்து மெல்ல ஏறுகிறது.
ஃபைரூஸை எழுப்ப வேண்டும்.
இன்னும் ஒரு முறை ஓட்டிவிட்டு.